ஐந்தாம் இடத்து ஷார்ட்ஸ்டாப்

லென் மிஹாலிக்குக்கு ஜெயித்த அணிகள் மேல் ஆர்வம் கிடையாது. படுதோல்வி கண்ட அணிகள் மேலும் கிடையாது. எட்டு அணிகள் ஆடும் லீகில் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வந்து, செப்டம்பர் முடிந்ததும் ஊரே மறந்துபோன பேஸ்பால் அணிகள்தான் அவனை இழுத்தன. "ஜெயிச்சவனுக்குச் சிலை வெக்கிறான். கடைசியா வந்தவனை வெச்சு ஜோக்காவது அடிக்கிறான். நடுவுல வந்தவன் என்னய்யா பாவம் பண்ணான்?" என்று ஸ்லோவாக் கிளப்பில் பீர் குவளையோடு உட்கார்ந்து கேட்பான். பதில் சொல்ல யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

சின்ன வயதிலேயே அவன் ஒரு பகடை விளையாட்டை உண்டாக்கி வைத்திருந்தான். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை. அடிப்பதில் எப்படி, தளம் விட்டுத் தளம் ஓடுவதில் எப்படி, பந்தைத் தடுத்து எறிவதில் எப்படி என்று பழைய செய்தித்தாள்களைப் புரட்டி மதிப்புப் போடுவான். பகடை உருட்டினால், விழுந்த எண்ணுக்கு எதிரே அந்த ஆள் என்ன செய்தான் என்று அட்டை சொல்லும். முப்பது வருடத்துக்கு முன்னால் ஆடிய அணியைச் சமையலறை மேஜையில் மறுபடி ஆடவிடலாம்.

கார்வர்ஸ் பெண்ட் என்ற அந்த ஆற்றங்கரை ஊரின் உருக்காலையில், இரும்பைத் தகடாக்கும் உருளைப் பிரிவில் அவன் இருந்தான். அவன் அப்பாவும் அதே பிரிவுதான். ஆலையை மூடியபோது லென்னுக்கு நாற்பது. அதற்கப்புறம் பகலில் வீட்டில் இருப்பது எப்படி என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. மனைவி தெரேசா ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். இவன் காலையில் வேலை தேடிப் போவான், மதியம் திரும்பி வந்து துணி துவைப்பான், மீதி நேரம் அட்டைகளோடு உட்கார்ந்திருப்பான். இதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் வார இதழை நடத்திய ஹோமர் பிளெய்ன், "சும்மா உருட்டிக்கிட்டு இருக்கறதுக்கு எனக்கு எழுதிக் குடேன். நம்ம ஊர் டீமைப் பத்தி, வாரத்துக்கு ஒரு வருஷம்" என்றார்.

ஊர் அணியின் பெயர் பார்ஜ்மென். சின்ன லீகிலும் சின்ன லீக். இரண்டாம் உலகப் போர் முடிந்த வருடம் தொடங்கி, தொலைக்காட்சி வந்து கூட்டம் குறைந்ததும் கலைந்துபோனது. லென் ஒவ்வொரு வருட அணிக்கும் முதலில் பலம் என்ன, அப்புறம் பலவீனம் என்ன என்று எழுதினான். பூசி மெழுக அவனுக்கு வராது. முடிவெட்டும் கடையில் அதை வைத்துச் சண்டை நடந்தது. ஹோமருக்குச் சந்தோஷம்.

எழுபத்தொன்பதாம் வருடம் பிப்ரவரியில் நாற்பத்தொன்பதாம் வருட அணியின் முறை வந்தது. ஐந்தாம் இடம். "பலம்: பந்து எறியும் கஸ் ஓராவெக். இவரைவிடப் பெரிய கை இந்த ஊருக்கு வந்ததில்லை" என்று எழுதினான். "பலவீனம்: ஷார்ட்ஸ்டாப் வர்ஜில் டேக்கெட். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே இவர் நின்ற இடம் ஓட்டை. லீகிலேயே அதிகத் தவறுகள் இவர் கணக்கில். நல்ல கால், மோசமான கை. கஸ் தோற்ற ஆட்டங்களில் பாதி இவர் தோற்றுக்கொடுத்தவை."

அந்த டேக்கெட் உயிரோடு இருக்கிறாரா என்று யோசிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

இதழ் வெளியான மறுவாரம் கதவு தட்டப்பட்டது. தெரேசா திறந்தாள். ஒல்லியான உயரமான மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தோளெல்லாம் பனி.

"அம்மா, இங்க பேஸ்பால் எழுதறவர் இருக்காரா?"

"இருக்காரே. நீங்க?"

"அவர் எழுதின ஓட்டை நான்தாங்க."

தெரேசா திரும்பிக் கணவனைப் பார்த்த பார்வையில் லென்னுக்குக் காது சூடாகிவிட்டது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "காப்பி குடிக்கிறீங்களா?" என்றான்.

"குடிக்கலாம்." வர்ஜில் உட்கார்ந்தார். "நான் சண்டைக்கு வரல. நீங்க எழுதினது ஒண்ணும் பொய்யில்ல. ஒரே ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வழியில்ல, அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

வலக்கையை மேஜை மேல் விரித்து வைத்தார். ஆள்காட்டி விரல் நடுவில் ஒடிந்து பக்கவாட்டில் போயிருந்தது.

"அந்த வருஷம் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மர டிப்போவில வேல பாத்தேன். பலகை விழுந்துடுச்சு. ஒடஞ்சுதுன்னு தெரியும். டாக்டர்கிட்ட போனா கட்டுப் போடுவான், கட்டுப் போட்டா டீம் மேனேஜர் பாப்பான், பாத்தா என்னத் தூக்கிட்டு வேற ஒருத்தன நிறுத்துவான். அப்பதான் கல்யாணம் ஆகியிருந்தது. பெர்னீஸ் மாசமா இருந்தா. அதனால யாருக்கும் சொல்லல."

"சீசன் முழுசுமா?" என்றான் லென்.

"சீசன் முழுசும். மூணு விரலால எறிஞ்சேன். பெர்னீஸ்தான் எனக்குக் கறிய வெட்டிக் குடுப்பா, சட்டைப் பட்டன் போட்டு விடுவா. அவ ஒருத்திக்குத்தான் தெரியும்." கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பாவம், கஸ்ஸு. அவன் பெரிய எடத்துக்குப் போக வேண்டியவன். பெரிய லீகுக்கு ஆள் தேடறவங்க ரெண்டு தடவை வந்தாங்க. ரெண்டு தடவையும் எனக்குப் பின்னால பந்து போச்சு. அப்புறம் அவன் ஆலைக்குப் போயிட்டான். நான் வயித்துப் பொழப்புக்காக அவன் வாழ்க்கைய எடுத்துக்கிட்டேன். அதான் உண்மை. 'மோசமான கை'ன்னு போட்டிருந்தீங்க. திருட்டுக் கைன்னு போட்டிருந்தா சரியா இருந்திருக்கும்."

தெரேசா காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

லென்னுக்கு கஸ் ஓராவெக்கைத் தெரியும். உருக்காலையில் ஒரே பிரிவில் ஒன்பது வருடம் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தவன். அவர் நுரையீரல் கெட்டுச் செத்தபோது இவன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான். அதை வர்ஜிலிடம் சொன்னான்.

வர்ஜில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்கானா?"

லென் யோசித்தான். "இல்லீங்க. கஸ் பேஸ்பால் பத்திப் பேசவே மாட்டார். நான் கேட்டாலும் 'அது அப்போ'ன்னுடுவார்."

வர்ஜில் தலையை ஆட்டினார். காப்பியை முடித்துவிட்டு, தெரேசாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அவள் வந்தாள். "'வர்ஜில் நல்லவன்னு சொன்னார்'னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவ?"

"சொல்லலயே அவரு."

"செத்தவர் வந்து இல்லன்னு சொல்லப் போறாரா? உனக்கு எல்லாம் அச்சுல இருக்கணும்." பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள்.

அன்று முழுக்க லென்னுக்கு எதுவும் ஓடவில்லை. மறுநாள் வர்ஜிலின் வீட்டைத் தேடிப் போனான். ஆற்றங்கரையில், தகரக் கூரையும் ஒற்றைப் படுக்கையறையுமாகச் சின்ன வீடு. மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்களாகியிருந்தன. மகள் டேட்டன் நகரத்தில். ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் இதயத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்னபின் விட்டுவிட்டார். லென் வாசலிலேயே நின்று சொன்னான்: "உங்க அட்டைய மாத்திப் போடறேன். விரல் ஒடையாம இருந்தா நீங்க எப்படி ஆடியிருப்பீங்களோ அப்படி. முந்தின ரெண்டு வருஷக் கணக்கு என்கிட்ட இருக்கு. அந்த சீசன மொதல்லேர்ந்து ஆடிப் பாக்கலாம். வர்றீங்களா?"

 வர்ஜில் மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பனி உருகும்வரை அநேகமாகத் தினமும் மதியம் அவர் வந்தார். அடுத்த வருட அணியை அப்புறம் எழுதுவதாக லென் ஹோமரிடம் சொல்லிவிட்டான். மற்ற ஏழு அணிகளுக்கும் லென் அட்டை செய்து வைத்திருந்தான். எதிரணிக்கு அவன் உருட்டுவான், பார்ஜ்மென்னுக்கு வர்ஜில். அட்டையில் வெறும் எண்ணாக இருந்தவர்கள் அவர் வாயில் ஆளாக எழுந்து வந்தார்கள். முதல் தளத்தில் நின்ற எல்மர் ஸ்வோபோடா ஆட்டத்துக்கு முன்னால் பூண்டைக் கடித்துத் தின்பானாம், ஓடி வருகிறவன் பக்கத்தில் நிற்க மாட்டான் என்று. நடுவில் பந்து பிடிக்கும் ரீஸுக்குத் தூரத்துப் பார்வை கிடையாது, பேட்டில் பந்து பட்ட சத்தத்தை வைத்தே ஓடுவானாம்.

"அதான் அவருக்கு மேல பறந்து போற பந்துக்கெல்லாம் எதிரணிக்காரன் மூணு தளம் ஓடிடறானா?" என்றான் லென். "நான் கால் மெதுவுன்னுல்ல எழுதினேன்."

"காலு குதிரைக் காலு. எங்க ஓடறதுன்னுதான் தெரியாது." வர்ஜில் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் லென் பார்த்தான்.

தெரேசா வேலை முடிந்து வந்தால் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கி மூன்று தட்டில் போடுவாள். "இன்னிக்கு ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?" என்பாள். "ஒண்ணு அது, ஒண்ணு இது" என்பார் வர்ஜில். அந்த அணி அப்படித்தான். இரண்டு ஜெயிக்கும், இரண்டு தோற்கும். அட்டை சீசனின் மே மாத ஆட்டங்களில் புது அட்டையின் வர்ஜில் அருமையாக ஆடினார். அவரைத் தாண்டிப் பந்து போவது அபூர்வம். கஸ் தொடர்ந்து ஜெயித்தார். அணி மூன்றாம் இடத்தில் நின்றது. வர்ஜில் அப்போதெல்லாம் பகடையைக் குலுக்கும்போது கையை வாய்க்கருகே கொண்டுபோய் ஊதுவார். முகம் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். ஜெயிக்க ஜெயிக்க அது இறுகிக்கொண்டே போனது. ஒவ்வொரு வெற்றியும் தான் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்பதை அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று லென்னுக்கு அப்புறம்தான் உறைத்தது.

ஜூலை ஆட்டங்களில் அணி சரிந்தது. கஸ்ஸைத் தவிர எறிய ஆளில்லை. அவர் எறியாத நாட்களில் எதிரணி விளாசியது. ஆட்கள் தளத்துக்குப் போவார்கள், அவர்கள் சுற்றை முடித்து ஓட்டம் எடுக்கும்படி அடிக்க ஆளிருக்காது. லென் இதையெல்லாம் கட்டுரையில் இரண்டே வரியில் தாண்டிப் போயிருந்தான். கண்ணில் பட்ட ஒரு பெரிய ஓட்டையைப் பார்த்ததும் மற்றதைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு மதியம் கடைசி ஆட்டம் முடிந்தது. லென் கூட்டிப் பார்த்தான். மறுபடி கூட்டினான்.

"எத்தனாவது?" என்றார் வர்ஜில்.

பொய் சொல்ல அவனுக்கு அப்போது நேரமிருந்தது. எந்தப் பொய் அவருக்கு நல்லது என்றுதான் தெரியவில்லை.

"அஞ்சாவது."

"கஸ்ஸு?"

"நிஜத்துல ஜெயிச்சதவிட ரெண்டு ஆட்டம் கூட. மத்தபடி அதேதான்."

"ரெண்டு ஆட்டம். அதுக்கு எவனும் அவனப் பெரிய லீகுக்குக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டான்."

"மாட்டாங்க. உங்களால அவர் கெட்டுப்போகல வர்ஜில். அந்த டீமுக்கு எறிய ஆளில்ல, அடிக்க ஆளில்ல. நான் தப்பா எழுதிட்டேன். திருத்திப் போடறேன்."

நல்ல செய்தி சொல்வதாகத்தான் லென் நினைத்தான். வர்ஜில் தன் அட்டையை எடுத்துப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பி இந்தப் பக்கம் திருப்பி.

"அப்ப வெரல் ஒடஞ்சாலும் அஞ்சாவது, ஒடையாட்டியும் அஞ்சாவது."

"ஆமா."

"பெர்னீஸ் சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா. 'வர்ஜில், ஒரு டீமையே கவுக்கற அளவுக்கு நீ ஒண்ணும் அவ்ளோ பெரிய ஆளில்ல'ன்னு. கேலி பண்றான்னு நெனச்சேன்." அட்டையை மேஜையில் வைத்தார். "உங்க ஆலைக்காரங்க கிளப்புல உக்காந்து பேசறாங்களே, நாம இன்னும் நல்லா வேல பாத்திருந்தா மூடியிருக்க மாட்டான்னு. நீ என்ன சொல்லுவ அவங்களுக்கு?"

"மூடியிருப்பான்னு சொல்லுவேன்."

"கேக்க அவங்களுக்கு நல்லாவா இருக்கு?"

 லென்னே ராத்திரிகளில் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவன்தான்.

அதற்கப்புறம் வர்ஜில் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு லென் போனான். மரியாதையாகத்தான் பேசினார். வேறொரு வருடத்து அணியை ஆடலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்ப்பா, போதும்" என்றார். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. "உன்மேல கோவமில்ல லென். காலையில எந்திரிச்சதும் கஸ்ஸத்தான் நெனப்பேன், முப்பது வருஷமா. அது ஒரு தொணையாட்டம் இருந்திருக்கு. இப்ப எந்திரிச்சா எதை நெனைக்கறதுன்னு தெரியல."

மே மாதக் கடைசியில், வாசலில் சேர்ந்துகிடந்த தபாலைத் தபால்காரர் பார்த்துச் சொல்லி, வர்ஜில் வீட்டுக் கதவை உடைத்துத் திறந்தார்கள். தூக்கத்திலேயே போயிருந்தார்.

டேட்டனிலிருந்து மகள் நடீன் வந்தாள். பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. சவ ஊர்வலம் நடத்துகிறவர் லென்னைக் கூப்பிட்டார். அவனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கிழவர் நின்றார். பருத்த உடம்பு, இரண்டு முழங்காலும் வளைந்தவை. தூக்க முடியாது என்று சொன்னதற்கு, ஒரு கையாவது வைத்துக்கொள்கிறேன் என்றாராம். அவர்தான் எல்மர் ஸ்வோபோடா.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தார்கள். நடீன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே வந்து இவர்கள் மேஜையில் உட்கார்ந்தாள்.

"அப்பா பேஸ்பால் ஆடினார்னு தெரியும். ஒரு வார்த்தை சொன்னதில்ல. நல்லா ஆடுவாரா?"

லென் வாய் திறப்பதற்குள் எல்மர் சொன்னார். "ஒடஞ்ச வெரலோட ஆடினவன்மா உங்கப்பன்."

லென்னின் கையிலிருந்த முட்கரண்டி நின்றது. "உங்களுக்கு அது தெரியுமா?"

"ஏம்ப்பா, அவன் எறிஞ்ச ஒவ்வொரு பந்தையும் மொதத் தளத்துல நின்னு பிடிச்சவன் நானு. பந்து சுத்தி வர்றதுலயே தெரியாதா? மொத வாரத்துலயே தெரிஞ்சுபோச்சு. எல்லாருக்கும் தெரியும்."

"கஸ்ஸுக்கும்?"

"கஸ்ஸுக்குத்தான் மொதல்ல தெரிஞ்சது. ஜூன்ல மேனேஜர் இவனத் தூக்கறதுக்கு இருந்தான். கஸ்ஸு நேராப் போயி, 'எனக்குப் பின்னாடி டேக்கெட்தான் நிக்கணும்'னுட்டான். வேற எவனும் கிட்டப் போகாத பந்துக்கெல்லாம் உங்கப்பன் போயி விழுவான்மா. மத்த டீம்ல அந்தப் பந்து பாட்டுக்குப் போயிடும், ஸ்கோர் எழுதறவன் தப்புன்னு எழுத மாட்டான். இவன் போயி எடுத்து, மூணு வெரலால எறிவான், அது கோணப் போகும், உடனே தப்புன்னு எழுதுவான். பத்துல ஆறு நேரா வரும். அந்த ஆறு போதும்னான் கஸ்ஸு."

லென்னுக்குத் தான் எழுதியது வரிக்கு வரி நினைவுக்கு வந்தது. தவறுகளை மட்டும்தான் எண்ணியிருந்தான். எட்டாத பந்துக்குப் போனதை எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை. இவனும் கேட்கவில்லை.

நடீன் மெதுவாகக் கேட்டாள். "இதை அப்பாகிட்ட யாராவது சொன்னீங்களா?"

எல்மர் காகிதக் கைக்குட்டையை மடித்தார். "மறைக்கணும்னு அவ்வளவு பாடுபட்டாம்மா. மட்டையக்கூட வலிக்காத மாதிரி பிடிச்சுக் காட்டுவான். எங்களுக்குத் தெரியும்னு சொன்னா அவன் மானம் போயிடும்னு விட்டுட்டோம். சீசன் முடிஞ்சதும் அவனவன் பொழப்பப் பாக்கப் போயாச்சு. அப்புறம் ரொட்டி வண்டில போறப்பப் பாப்பேன். கை ஆட்டுவான். நானும் ஆட்டுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

அவள் எழுந்து அடுத்த மேஜைக்குப் போனாள்.  லென் எல்மரிடம், வர்ஜில் முப்பது வருடம் என்ன நினைத்து வாழ்ந்தார் என்பதைச் சொல்லவில்லை. இந்த வயதில் அந்தக் கிழவரும் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்று விட்டான்.

வீட்டுக்கு வந்து தெரேசாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் காலணியைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"நல்ல ஆம்பளைங்க. ஒருத்தருக்கொருத்தர் அவ்வளவு மரியாதை. வாயத் திறக்காமயே எல்லாரும் சாகறீங்க" என்றாள். அப்புறம் அவளே வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் லென் திருத்தம் எழுதினான். நாற்பத்தொன்பதாம் வருட அணியின் பலம் என்று இரண்டு பெயர் போட்டான். ஹோமர் பிளெய்ன் இடமில்லை என்று பாதியை வெட்டிவிட்டு, தேவாலய விருந்து அறிவிப்புக்குக் கீழே வெளியிட்டார். வர்ஜில் பெயர் இருந்த பாதி தப்பியிருந்தது. ஒரு பிரதியை நடீனுக்கு அனுப்பினான். மற்றபடி ஊரில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பரில் கொலம்பஸ் நகரத்தில் ஒரு கிடங்கில் லென்னுக்கு வேலை கிடைத்தது. தெரேசாவும் அவனும் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். ஐம்பதாம் வருட அணியைப் பற்றி அவன் எழுதவில்லை.